மாயாண்டி அண்ணனிடம் மிஞ்சிய சொல்

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாலு எதற்கு? என்னிடம் ஒன்று இருக்கிறது. அதுவே மதியச் சாப்பாடு வரைக்கும் தாங்கும்.

ஓய்வு பெறும்வரை மதுரையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கவாதம் வந்து பேச்சை இழந்தவர்களைத் திரும்பப் பேச வைக்கிற வேலை. நீங்களும் அதற்குத்தான் வந்திருக்கிறீர்கள். பயிற்சி முறைகளைப் பற்றி நான் பேசப்போவதில்லை, பயப்படாதீர்கள். அதெல்லாம் உங்கள் கையில் இருக்கிற டேப்லெட்டுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

பேச்சு மொத்தமும் போன பிறகும் சிலருக்கு ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சி நிற்கும். படித்திருப்பீர்கள். பார்க்கும்போது அது வேறு மாதிரி இருக்கும். ஒரு கணக்கு வாத்தியாருக்கு ‘அடுத்து’ என்பது மட்டும் மிஞ்சியது. இட்லி வைத்தாலும் அடுத்து, பேரன் முத்தம் கொடுத்தாலும் அடுத்து. இன்னொரு பெரியவருக்கு மிஞ்சியது நல்ல கெட்ட வார்த்தை. வார்டுக்குப் பாதிரியார் ஜெபம் பண்ண வருகிறார் என்றால் நாங்கள் முதலில் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு ஓடுவோம்.

வாடிப்பட்டிப் பக்கமிருந்து வந்த மாயாண்டி அண்ணனுக்கு மிஞ்சியது ‘இந்தா’.

அவர் மாட்டுத் தரகர். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. தோளில் பச்சைத் துண்டு, முறுக்கு மீசை, கண்ணில் ஒரு கோபம். கூட மூன்று பேர் வந்திருந்தார்கள். மனைவி பஞ்சவர்ணம், ஆரப்பாளையத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிற மகள் சரண்யா, தம்பி கருப்பையா. தம்பிதான் பேசினார். அண்ணனுக்கும் சேர்த்துப் பேசினார்.

“அம்புட்டுத்தான் டீச்சரம்மா, எங்கண்ணன் முடிஞ்சாரு. எதைக் கேட்டாலும் இந்தா இந்தாங்குறாரு. என்னத்தையோ குடுக்குறாராக்கும்னு நாங்களும் கையை நீட்டுறோம். கையில ஒண்ணும் இல்ல. மூளை கலங்கிப் போச்சு.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே கருப்பையாவின் கண் கலங்கிவிட்டது. அண்ணன் அவரைப் பார்த்து, “இந்தா!” என்று ஒரு அதட்டல் போட்டார். தம்பி சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூளை கலங்கிய ஆள் போடுகிற அதட்டலா அது?

அந்த வீட்டில் எல்லாரும் ஒரே தப்பைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். அவர் ‘இந்தா’ என்றால், “இந்தா இல்லப்பா, தண்ணி. தண்ணின்னு சொல்லு, தண்ணி” என்று திருத்துவார்கள். சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், பால்காரர்வரைக்கும் ஆளாளுக்கு வாத்தியார் ஆகிவிட்டார்கள். அவர் கடுப்பாகி வாயை இறுக மூடிக்கொள்வார். இதை நம் துறையில் படித்தவர்களே செய்வதுண்டு. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அம்மா ஒருவர் இருந்தார், கறாரான மனுஷி. “மிஞ்சின சொல்லைப் பிடுங்காதடி. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அந்த ஆள் கரையேறணும்” என்று திட்டித் திட்டியே என்னை ஆளாக்கினார்.

ஆகவே நான் அந்த ‘இந்தா’வை விரட்டவில்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்து விசாரித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

நம் ஊரில் அந்தச் சொல் செய்கிற வேலையை யோசித்துப் பாருங்கள். டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டும்போது ‘இந்தாங்க’. குளிக்கக்கூடப் போகாத ஆள் போனில் சொல்வது ‘இந்தா வந்துட்டேன்’. சுவர் ஏறுகிற பையனை அதட்டுவதற்கு ‘இந்தா, எறங்கு’. தேடின சாவி கிடைத்துவிட்டால் ‘இந்தா இருக்கு’. சண்டை முற்றினால் ‘இந்தா பாரு, சொல்லிப்புட்டேன்’. கொடுப்பதற்கும் கூப்பிடுவதற்கும் மிரட்டுவதற்கும் சமாதானம் சொல்வதற்கும் ஒரே சொல்தான். இது எங்கிருந்து வந்தது என்று எங்கள் சர்ச்சுக்கு வருகிற தமிழாசிரியர் இரண்டு பேரைக் கேட்டேன். ‘இங்கே தா’ தேய்ந்து இந்தா ஆனது என்றார் ஒருவர். ‘தா என்றால் கேட்பது, இந்தா என்றால் கொடுப்பது. கேட்பது எப்படி ஐயா கொடுப்பதாகும்? இதோ என்பதன் உடன்பிறப்பு அது’ என்று மற்றவர் பாய்ந்தார். இரண்டு பேரும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனித்தனி வரிசையில் உட்கார்ந்தார்கள். எனக்கு அதற்குமேல் கேட்கத் துணிச்சல் வரவில்லை.

மாயாண்டி அண்ணனின் ‘இந்தா’ எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் பஞ்சவர்ணம் சொன்னார். ஒரு நாள் மற்ற இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு அவரைக் கேட்டேன்.

“உங்களுக்கு அவர் சொல்றது புரியுதாம்மா?”

“புரியாம என்ன டீச்சரம்மா? வெடுக்குனு சொன்னா ஃபேனைக் கொறைக்கணும். இழுத்துச் சொன்னா தண்ணி. மொனகுனா காலு கடுக்குதுன்னு அர்த்தம். ரெண்டு தடவ சொன்னா ஒதுங்கப் போகணும்.”

“இதை எல்லாம் எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“கண்டுபிடிக்க என்ன கெடக்கு? கல்யாணமான நாள்லருந்து என்னய இந்தான்னுதான கூப்புடுறாக! எம்பேரு பஞ்சவர்ணம்னு இவுகளுக்குத் தெரியுமான்னே எனக்குச் சந்தேகம். ஊருக்குத்தான் இவுக பேச்சு போச்சு, எனக்கு என்ன போச்சு?”

சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார். மாயாண்டி அண்ணனின் மீசையும் ஒரு பக்கமாக அசைந்தது. அந்த அறையில் அன்றைக்குத்தான் முதல் சிரிப்பு.

பிறகு பஞ்சவர்ணம் சந்தையைப் பற்றிச் சொன்னார். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். தரகர் தன் துண்டை எடுத்து, தன் கைமேலும் எதிராளி கைமேலும் போட்டு மூடிக்கொள்வார். துண்டுக்குள்ளே விரலைப் பிடித்துத்தான் பேரம். சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. பிடிக்கவில்லை என்றால் கையை உதறுவார்கள், ஒத்துக்கொண்டால் இறுக்கிப் பிடிப்பார்கள். படிந்ததும் தரகர் மாட்டின் கயிற்றை விற்றவரிடமிருந்து வாங்கி, வாங்குகிறவர் கையில் வைப்பார். அப்போது ஒரே ஒரு சொல் சொல்வார். இந்தா.

“அவுக தொழில்ல வாயத் தெறக்குறதே அதுக்கு மட்டுந்தான்” என்றார் பஞ்சவர்ணம்.

நான் கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொண்டு, அடுத்த நாள் வழக்கம்போலப் படம் போட்ட அட்டைகளை எடுத்துக்கொண்டு போனேன்.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். சரண்யாவுக்கு மேலூர்ப் பக்கம் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். நெல் அறுக்கிற இயந்திரம் சொந்தமாக வைத்து ஓட்டுகிற பையன். அண்ணன் நன்றாக இருந்தபோதே தொடங்கிய பேச்சு. அவர் பையனைப் பார்க்கப் போகிற நேரத்தில் விழுந்துவிட்டார். ‘அண்ணனுக்கு ஒண்ணு ஆகுறதுக்கு முன்னாடி முடிச்சுருவோம்’ என்று கருப்பையா வேகம் காட்டினார். வைகாசியிலேயே முகூர்த்தம் குறித்துவிடலாம் என்று மாப்பிள்ளை வீட்டிலும் சொல்லிவிட்டார்கள்.

ஆனால் வீட்டில் கல்யாணம் என்று யாராவது வாயெடுத்தால் போதும், மாயாண்டி அண்ணன் இடது கையால் கட்டிலை அடிப்பார். “இந்தா! இந்தா! இந்தா!” முகம் சிவந்துவிடும். இந்த ‘இந்தா’ பஞ்சவர்ணத்துக்கே புரியவில்லை. அதுதான் அவரை ஆட்டிவிட்டது.

சரண்யா தனியாக என்னிடம் வந்தாள். அழுகிற பெண் இல்லை அவள். நின்றுகொண்டே சொன்னாள்.

“மேடம், எனக்கு அவரைப் புடிச்சிருக்கு. பேசிப் பார்த்தேன், நல்ல மாதிரி. ஆனா எங்கப்பாவுக்கு இஷ்டமில்லைன்னா நான் பண்ணிக்க மாட்டேன். வேணுங்குறாரா வேணாங்குறாரா, எனக்கு அது மட்டும் தெரியணும். நீங்கதான் கேட்டுச் சொல்லணும்.”

கேட்டேன். எனக்குத் தெரிந்த எல்லா வழியிலும் கேட்டேன். தலையாட்டச் சொன்னேன். சம்மதமா என்றால் ஆட்டினார், சம்மதமில்லையா என்றால் அதற்கும் ஆட்டினார். இந்த மாதிரி நோயாளிகளுக்குத் தலையசைப்பும் சேர்ந்து தடுமாறும் என்பது உங்களுக்குத் தெரியும். சிரிக்கிற முகமும் அழுகிற முகமும் வரைந்த அட்டையைக் காட்டினேன். மாட்டுக்கு வைத்த தவிட்டைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டார். பையனின் போட்டோவைச் செல்போனில் காட்டினேன். போனை என் பக்கமே திருப்பித் தள்ளினார். வேண்டாம் என்கிறாரா, நீயே பார் என்கிறாரா? தெரியவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தை உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த மனுஷனுக்குள்ளே பதில் இருக்கிறது. எனக்கு எடுக்கத் தெரியவில்லை.

அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் பேசி முடிக்க வருகிற நாள் வந்துவிட்டது. நீங்கள் கட்டாயம் வர வேண்டும் என்று சரண்யா கூப்பிட்டாள். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி வாடிப்பட்டி போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் போனேன்.

கூடம் நிறைய ஆட்கள். நடுவில் ஜமுக்காளம், அதன்மேல் வெற்றிலை பாக்கு, பழம், பூ வைத்த தட்டுகள். மாயாண்டி அண்ணனை ஒரு மூலையில் நாற்காலியில் சாத்தி வைத்திருந்தார்கள். வெள்ளை வேட்டி கட்டி, தோளில் பச்சைத் துண்டு போட்டிருந்தார், ஆனால் சபையில் அவருக்கு இடமில்லை. தட்டு மாற்ற வேண்டியவர் பெண்ணின் அப்பா. வலது கை வராது, இடது கையால் கொடுத்தால் ஆகாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டதால், அப்பாவின் இடத்தில் கருப்பையா உட்கார்ந்திருந்தார்.

தட்டைக் கருப்பையா தூக்கினார். மூலையிலிருந்து வந்தது ஒரு சத்தம்.

“இந்தா!”

மாப்பிள்ளையின் அம்மா முகம் சுண்டிப்போனது. உள் அறை வாசலில் நின்ற சரண்யா, “சித்தப்பா, தட்டைக் கீழ வைங்க” என்றாள். அவர் வைத்துவிட்டார். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“டீச்சரம்மா, நீங்களே சொல்லுங்க. இத்தன நாளா பார்க்குறீங்கள்ல? எங்கண்ணன் சம்மதம்னுதான சொல்றாரு? நீங்க சொன்னா எல்லாரும் ஒத்துக்குவாக.”

எல்லாக் கண்களும் என்மேல். பிள்ளைகளே, இதற்காகத்தான் இந்தக் கதை முழுவதையும் உங்களுக்குச் சொல்கிறேன். ஆமாம் என்று நான் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே எல்லாம் சுபம். சரண்யாவின் முகத்தைப் பார்த்தேன், அவளும் அந்த ஆமாமுக்குத்தான் ஏங்கிக்கொண்டு நின்றாள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நோயாளிக்குப் பேச்சு இல்லை, நமக்கு இருக்கிறது. அவருக்காக நாம் பேசிவிடுவது அவ்வளவு சுலபம், அவ்வளவு நல்ல பெயரும் கிடைக்கும்.

“எனக்குத் தெரியாதுங்க” என்றேன். “அவருக்குத் தெரியும். அவர்கிட்டதான் கேட்கணும். நான் கேட்டுப் பார்த்தேன், எனக்குக் கேட்கத் தெரியலை.”

“இதுக்கா இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்துச்சு இந்தம்மா?” என்று ஒரு கிழவர் சத்தமாகவே சொன்னார். எனக்குக் காது சூடாகிவிட்டது. இருந்தாலும் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா சோலைராசு எழுந்தார். கறுத்து மெலிந்த விவசாயி, அதுவரைக்கும் வாயே திறக்கவில்லை. முன்பு ஒரு முறை மாயாண்டி அண்ணன் தரகில் அவர் ஒரு ஜோடி உழவு மாடு வாங்கியிருந்தார். அந்தப் பழக்கத்தில்தான் இந்தச் சம்பந்தமே வந்தது. அவர் போய் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“கேட்கத் தெரியலைன்னு டீச்சர் சொல்றாக. எனக்குக் கேட்கத் தெரியும்ல” என்றவர், மாயாண்டி அண்ணனின் தோளிலிருந்த பச்சைத் துண்டை உருவி, அவருடைய இடது கைமேலும் தன் கைமேலும் போட்டு மூடினார்.

“இடது கையிலயா?” என்று அதே கிழவர் ஆரம்பித்தார்.

“துண்டுக்குள்ள இடதென்ன வலதென்ன? சும்மா இருங்க பெரியவரே.”

சத்தியமாகச் சொல்கிறேன், மாயாண்டி அண்ணனின் முதுகு நிமிர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். சாய்ந்து கிடந்த ஆள் சந்தையில் நிற்கிற ஆளாகிவிட்டார். கண் எங்கோ தூரத்தில் நின்றது. வாய் பூட்டிக்கொண்டது. துண்டு மட்டும் லேசாக அசைந்தது.

“மச்சான்,” என்றார் சோலைராசு, “உம்ம பொண்ணை எங்க வீட்டுக்குக் கேட்டு வந்துருக்கேன். சம்மதமின்னா இறுக்கிப் புடியும். இல்லைன்னா உதறிரும், நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன்.”

துண்டு அசையவில்லை. அப்புறம் சோலைராசுவின் முகம் வலியில் சுளித்தது. “யப்பா! எலும்பை ஒடிச்சுருவாரு போல. சம்மதம், சம்மதம்!”

கூடத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். சரண்யா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். சோலைராசு கையை எடுக்கப் போனார். துண்டு விடவில்லை.

“இருங்க, இருங்க. இன்னும் ஏதோ இருக்கு. விரலைப் புடிக்கிறாரு. ஒண்ணு... ரெண்டு... மூணு. மூணு விரலு. என்ன மச்சான் மூணு?”

“மூணு பவுனு போதுங்குறாரோ?” என்று கருப்பையா ஆசையாகக் கேட்டார். கை உதறப்பட்டது. எல்லாரும் சிரித்தார்கள். மறுபடியும் அதே மூன்று விரல்கள்.

“மூணு வேனு ஆளுக்கு மேல வரக்கூடாதுங்குறாரா?” என்றார் கூட்டத்தில் ஒருவர். உதறல். “மூணு பொருத்தம் சரியில்லையா?” அதற்கும் உதறல்.

பஞ்சவர்ணம்தான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். புருஷனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“மூணு மாசமாய்யா? வைகாசி வேணாமா? ஆவணியா?”

சோலைராசு மறுபடியும் ‘யப்பா’ என்று கத்தினார்.

மாயாண்டி அண்ணன் துண்டிலிருந்து கையை எடுத்து, செத்துப்போன தன் வலது தொடையில் ஓங்கித் தட்டினார். பிறகு வாசலைக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்தார், விட்டால் அடித்துவிடுவார் போல. எங்கள் ஆஸ்பத்திரியில் அந்த வாரம்தான் அவரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்க வைத்திருந்தார்கள். நடந்துவிடுவாரா என்று அவர் கேட்க முடியவில்லை, நாங்களாகவும் சொல்லவில்லை. ஆனால் மனுஷன் தானாகவே தவணை போட்டு வைத்திருக்கிறார். மகள் கல்யாணத்துக்கு நாற்காலியில் வர முடியாது, நடந்து வருவேன், எனக்கு நேரம் கொடு என்கிறார். இத்தனை நாள் கட்டிலை அடித்தது அதற்குத்தான். மாப்பிள்ளையைப் பற்றி அவருக்கு ஒரு குறையும் இல்லை. அவர் செத்துப்போவதற்குள் முடித்துவிட வேண்டும் என்கிற அந்த அவசரம்தான் அவரை எரித்திருக்கிறது.

“நான்தான்ணே அவசரப்பட்டுட்டேன்” என்று கருப்பையா குலுங்கி அழுதார். அண்ணன் அவரைப் பார்த்து, “இந்தா” என்றார், ரொம்ப மெதுவாக. இதற்குப் பஞ்சவர்ணத்தின் விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை.

மறுவாரமே நான் ஒரு துண்டு வாங்கி என் அறையில் மாட்டினேன். படம் போட்ட அட்டைகளையும் வைத்திருந்தேன், தூக்கி எறிந்துவிடவில்லை. ஆனால் அவரிடம் கேள்வி கேட்பதெல்லாம் துண்டுக்குள்ளேதான். கேள்விக்கு விரலில் பதில் வரும், விரலோடு சேர்ந்து வாயும் அசையத் தொடங்கியது. ‘ஒண்ணு’ வந்தது. ‘ரெண்டு’ வந்தது. ‘வா’, ‘போ’, ‘தண்ணி’ வந்தன. ஒரு நாள் ‘சரண்யா’ வந்தது, பாதி எழுத்து உடைந்திருந்தது, அதைப் போனில் கேட்டு அவள் மருந்துக்கடையில் கல்லாவிலேயே உட்கார்ந்து அழுதாளாம். ‘பஞ்சவர்ணம்’ மட்டும் வரவே இல்லை. “இத்தன வருசம் சொல்லாதவுக இப்பயா சொல்லப் போறாக, விடுங்க டீச்சரம்மா” என்றார் அந்த அம்மா.

ஆவணியில் கல்யாணம். மண்டப வாசலில் காரிலிருந்து இறங்கி, ஒரு பக்கம் ஊன்றுகோல், மறுபக்கம் தம்பியின் தோள் என்று மாயாண்டி அண்ணன் நடந்து வந்தார். வலது காலை இழுத்து இழுத்துத்தான் வந்தார். மேளக்காரர்கள் அவர் நடைக்குத் தக்க வாசிப்பை இறக்கிக்கொண்டார்கள்.

தாலி கட்டி முடிந்தது. பெண்ணின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் கொடுக்கிற நேரம். ஐயர் சொல்ல, கருப்பையா தன் அண்ணனின் வலது கையைத் தூக்கிப் பிடித்தார். அண்ணன் அதை விலக்கினார். கொஞ்சம் மூச்சு வாங்கி நின்றார். பிறகு தன் இடது கையால் தன் வலது கையைத் தானே தூக்கி, அந்த இரண்டு கைக்குள்ளும் பிடித்தது மகளின் கையை அல்ல, மாப்பிள்ளையின் கையை. அதைக் கொண்டுபோய்ச் சரண்யாவின் கையில் வைத்தார்.

“இந்தா” என்றார்.

அப்போது அவரிடம் வேறு சொற்களும் இருந்தன. அதைத்தான் எடுத்தார்.

மேடையில் ஒரே குழப்பம். “மாத்திக் குடுத்துட்டாரே!” என்று ஐயர் பதறினார். சோலைராசு மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பஞ்சவர்ணம் என் காதோரம் குனிந்து சொன்னார்.

“ஒண்ணும் மாறல டீச்சரம்மா. எங்க வீட்டுக்காரரு கயித்தை எப்பவும் வாங்குறவுக கையிலதான் குடுப்பாக.”